ஒற்றைப்படை விருந்தாளி

போலந்துக் கிராமமான ஷாரா வூல்காவில் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் எந்த வீட்டை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள், மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். வழிப்போக்கன் எவனாவது வந்து கதவைத் தட்டினால் அவனுக்கு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் வைக்கிறார்கள். அந்தத் தட்டில் இன்றுவரை ஒரு கரண்டி சூப் விழுந்ததில்லை, அது வேறு விஷயம். ஷாரா வூல்காவுக்கு எவன் வருவான்? பஸ்ஸே ஊருக்கு வெளியே இருக்கிற பால் கொட்டகையோடு திரும்பிப் போய்விடுகிறது.

தட்டு வைக்கச் சொன்ன அதே பெரியவர்கள் போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லி வைத்தார்கள். அன்றைக்கு மேஜையில் ஒற்றைப்படையில் ஆள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அதில் ஒரு தலை குறையும். ஆறு பேர் உட்கார்ந்த வீட்டுக்கு வழிப்போக்கன் வந்தால் ஏழு ஆகிவிடுமே, என்ன செய்வது என்று அந்த மகானுபாவர்களை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் எல்லாரும் சர்ச்சுக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள்.

பெலாகியாவுக்கு இந்த ஒற்றைப்படைதான் வினையாக வந்து சேர்ந்தது. புருஷன் ரோமான் இருந்தவரை இருவருமாகத் தம்பி கயெத்தான் வீட்டுக்குப் போவார்கள். தம்பி வீட்டில் ஆறு பேர்: அவன், அவன் பெண்டாட்டி சபீனா, மகன் ஒலெக், மருமகள் லித்கா, சபீனாவைப் பெற்ற கிழவனும் கிழவியும். மொத்தம் எட்டு. ரோமான் செத்த வருஷம் கயெத்தான் வந்து வாசலில் நின்று பிடரியைச் சொறிந்தான்.

"அக்கா, நீ வந்தா ஏழாயிடும். சபீனா பயப்படுறா."

"ஆமாமா, உன் மாமியா வேற இருமிக்கிட்டே கெடக்கா" என்று அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் தம்பி வரவில்லை. ஒலெக் கையில் ஒரு சட்டி கொழுக்கட்டை வந்தது. அதற்கடுத்த வருஷமும் சட்டிதான் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஆசீர்வாத அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்த வேண்டும். தனி ஆளாக என்ன செய்வாள்? தொழுவத்துக்குப் போய் மாட்டோடு பிட்டாள். மாடு மென்றுவிட்டு அவளைப் பார்த்தது. வாழ்த்துச் சொல்லத் தெரியவில்லை அதற்கு.

தனியாக இருப்பவள் ஒன்று, ஒன்றும் ஒற்றைப்படைதான் என்பது ஊரில் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. உறைத்தாலும் அது அவள் பாடு.

இந்த வருஷம் மத்தியானம் தாண்டியதும் கதவு தட்டப்பட்டது. முதுகில் ஆள் உயரத்துக்குப் பை, மூக்கு தக்காளிப் பழமாகச் சிவந்திருக்க, ஒரு வாலிபன் நின்றான்.

"இயேசுவுக்குப் புகழ், அம்மா. என் பெயர் துவார்த்தே. போர்ச்சுகல் தேசம். நான் அமைதியைப் பார்க்க வந்தேன்."

"எதப் பாக்க?"

"அமைதி. கிராமத்து அமைதி."

"பாத்தாச்சா?"

"பார்த்தேன். மிகவும் நன்று. இப்போது பசிக்கிறது."

அவன் போலிஷ் பேசியது பிரசங்கம் கேட்கிற மாதிரி இருந்தது. போலந்தில் இன்றைக்கு எல்லா வீட்டிலும் அந்நியனுக்கு ஒரு தட்டு காத்திருக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பயல் அதை நம்பி ஒரு ரொட்டித் துண்டுகூடக் கொண்டு வரவில்லை. கடை பூட்டியாயிற்று, பஸ்ஸும் போயாயிற்று. மூன்று வீட்டுக் கதவைத் தட்டினானாம். மூன்று வீட்டிலும் அவனைக் கண்டதும் கண்ணில் தண்ணீர் விடாத குறையாகச் சந்தோஷப்பட்டார்களாம். அப்புறம் திரும்பிப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்களாம். எண்ணி முடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துக் கதவைச் சாத்தினார்களாம்.

"மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டது" என்றான் துவார்த்தே.

பெலாகியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளும் எண்ணினாள். தம்பி வீட்டில் ஆறு. நான் ஏழு. இந்தக் கழுகுமூக்கன் எட்டு.

இவனை இங்கேயே உட்கார வைத்தால் இரண்டு பேர், சாஸ்திரத்துக்கும் பழுதில்லை என்ற நினைப்பும் வரத்தான் செய்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது ஒரு ஆள் துணை இல்லை. தம்பி வீட்டு மேஜைதான் வேண்டும். அம்மா செத்தபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவன் கையால் அப்பம் பிட்டு வாங்கி மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. இன்னொரு தரம் மாட்டிடம் போய் நின்றால் மனசு விட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பைய எடு. நட" என்றாள்.

"சூப் இருக்கிற வீட்டுக்கா?"

"பன்னெண்டு பதார்த்தம் இருக்கிற வீட்டுக்கு. அங்க போனதும் பூட்ஸ நல்லா ஒதறு. போர்ச்சுகல்ல பூட்ஸுக்குக் கயிறு கட்டுற வழக்கமில்லையா?"

பாதி வழியில் ஊர்த்தலைவர் ஜிக்முந்த் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார். அந்நியன் வந்த செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அமைதியான ஊரில் செய்தி ஓடுகிற வேகம் வேறெங்கும் ஓடாது.

"பெலாகியாக்கா, அந்த ஆள இங்க விட்டுட்டுப் போ. எனக்கு வேணும்."

"ஏன், டிராக்டருக்கு உதிரி பாகமா அவன்?"

"ஊருக்கு வர்ற விருந்தாளி முதல்ல தலைவர் வீட்டுக்குத்தான் வரணும்."

"இது எப்ப வந்த சட்டம்?"

"இப்பத்தான்" என்றார் ஜிக்முந்த். பிறகு குரல் உடைந்து போயிற்று. "மாப்பிள்ளைக்குக் காய்ச்சலாம்க்கா. மக மட்டும் வந்திருக்கா. வீட்ல ஏழு பேரு. இதுல யாரு போகப்போறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். கடைசியில எல்லாரும் என் மாமனாரையே பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவரு கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. எறங்க மாட்டேங்குறாரு."

"அப்ப கீழ இப்ப ஆறு பேருதான?"

ஜிக்முந்த் கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. மாமனாருக்கு மாடியிலேயே ஒரு தட்டு கொடுத்தால் போகிறது என்று சொல்லிக்கொண்டே டிராக்டரைத் திருப்பினார். மாடியில் உட்கார்ந்திருப்பவர் ஒன்று என்பதை பெலாகியா அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அவசரம்.

தம்பி வீட்டை எட்டும்போது முதல் நட்சத்திரம் வந்துவிட்டது, சாப்பிட உட்காருகிற நேரம். ஒலெக்தான் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து காளானும் பீட்ரூட்டும் மணந்ததில் துவார்த்தே கண்ணை மூடிக்கொண்டான்.

"அத்தை!" என்றான் ஒலெக். அவன் தோளுக்குப் பின்னால் கயெத்தான் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பெலாகியாவுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"எட்டு" என்றாள். "நல்லா எண்ணிக்கோ. நான், இந்தப் புள்ள, நீங்க ஆறு பேரு. எட்டு."

சபீனா கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். கரண்டியாலேயே ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினாள். எட்டில் வந்து நின்றாள். அப்புறம் கரண்டி மெல்ல நகர்ந்து மருமகள் லித்காவின் வயிற்றைக் காட்டியது.

"ஒன்பது" என்றாள்.

"அத்தை, இது மார்ச்லதான் வரும்" என்றாள் லித்கா.

"எப்ப வந்தா என்ன? இப்ப மேஜையிலதான ஒக்காருது?"

"அப்ப அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம ஏழா? ஏழு பேராவா சாப்பிட ஒக்காரப் போனோம்?" என்று மடக்கினாள் லித்கா.

சபீனா விட்டுக்கொடுப்பவளா? "வீட்டு ஆளுங்க மட்டும் இருக்கறப்ப வயித்துப் புள்ள கணக்கில்ல. வெளி ஆளு வந்தா கணக்கு" என்றாள்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை எப்படிக் கணக்கில் வரும் என்று கயெத்தான் முனகினான். சபீனாவின் அப்பா, தன் சின்ன வயசில் குதிரையையும் சேர்த்து எண்ணியதாகவும் அந்த வருஷம் பன்றிதான் செத்ததாகவும் சொன்னார். துவார்த்தே கையைத் தூக்கினான்.

"நான் ஒரு காலை வெளியே வைத்துச் சாப்பிடுவேன். அப்போது நான் பாதி ஆள்."

"பாதி ஆளுன்னா எட்டரை" என்றான் ஒலெக். "எட்டரை ஒத்தையா, ரெட்டையா?" அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். இதைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கதவு திறந்தே கிடக்க, பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

பெலாகியா சபீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் கத்துகிற இடத்தில் சபீனா ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பெலாகியாவுக்குப் புரிந்தது. நாளைக்கு பத்தாவதாக ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தாலும் இவள் பதினொன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பாள். பூனையை எண்ணுவாள், அடுப்பை எண்ணுவாள்.

"சபீனா" என்றாள். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். "நான் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடும்மா. அதத் தாங்கிக்குவேன். கணக்கு மட்டும் சொல்லாத. மூணு வருசமா கணக்கத் தின்னுக்கிட்டுக் கெடக்கேன். வயிறு நெறைய மாட்டேங்குது."

சபீனா கரண்டியை இறக்கினாள்.

"அண்ணி, ரோமான் அண்ணன் இருந்த கடைசி வருசம் என் கெண்டை மீன வாயில வெச்சுட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"குளத்தையே வறுத்து வெச்சிருக்கியான்னு கேட்டீங்க. எங்கப்பா அம்மா முன்னாடி. எல்லாரும் சிரிச்சாங்க. சேத்து வாடை போகணும்னு அந்த மீன உசுரோட குளிக்கிற தொட்டியில நல்ல தண்ணி ஊத்தி விட்டு வெச்சிருந்தேன். அது இருந்தவரைக்கும் இந்த வீட்ல ஒருத்தரும் குளிக்கல. எனக்காக எங்கப்பா கூடக் குளிக்கல."

"நான் எப்பவுமே குளிக்கறதில்ல" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா." சபீனாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அதுக்கப்புறம் உங்க முன்னாடி ஒரு தட்டு வைக்கவே எனக்குப் பயமாயிடுச்சு. எப்படிச் சொல்றது? அண்ணன் போயிட்டாரு, ஏழாயிடும்னு வந்துச்சு. வசதியாப் போச்சு. அதையே புடிச்சுக்கிட்டேன்."

கயெத்தான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது தெரிந்திருந்தது. மூன்று வருஷமாகத் தெரிந்திருந்தது. மடையன்.

பெலாகியாவுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. சொன்னாள்தான். நல்ல வார்த்தை கிடைத்தால் அவள் நாக்கு யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு திருவிழாவில் பாதிரியார் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, தீர்த்தத்துக்கு உப்புப் போட மாட்டீர்களா சாமி என்று கேட்டவள் அவள். ஆனால் அவள் சொன்னது ஒன்றும் பொய்யாக இருந்ததில்லை. சாப்பாட்டு விஷயத்தில் பெலாகியா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்கே தெரியும், சபீனாவுக்கும் தெரியும். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கிறது.

சபீனா விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது முட்கரண்டியில் ஒரு துண்டு மீன் இருந்தது, ஆவி பறந்தது. அப்பம் பிட்பதற்கு முன்னால் வாயில் எதையும் வைக்கக் கூடாது. அந்த விதியை அப்போது நினைக்க யாருக்கும் தெம்பில்லை. துவார்த்தே எப்போதோ ஒலெக்கின் கைக்கு அடியில் நுழைந்து போய்விட்டிருந்தான். கூடுதல் தட்டின் முன்னால் உட்கார்ந்து பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான், அவன் உறிஞ்சுகிற சத்தம்தான் வீட்டில் கேட்டது.

"இந்த வருசத்து மீன்" என்றாள் சபீனா. "தின்னுட்டு, உள்ளதச் சொல்லுங்க."

பெலாகியா வாசலில் நின்றபடியே வாயில் போட்டாள். மென்றாள். சேறு. நாணல், பாசி, தவளை எல்லாமாகச் சேர்ந்து ஒரு முழுக் குளம் அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. கயெத்தான் கும்பிடாத குறையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை, உலகத்தில் எல்லாரும் தினமும் சொல்லுகிற வார்த்தை. அது அவளுக்கு வரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. விழுங்கினாள்.

சபீனா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"சேத்து வாடை அடிக்குதுல்ல?"

"அடிக்குது" என்றாள் பெலாகியா. "இன்னொரு துண்டு போடு. உள்ள வந்து ஒக்காந்து சாப்பிடறேன்."