இரு துருவத்து இடப்பக்க முடி

ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மாமியார் ஒரே மாதத்தில் தலைகீழாக மாறினாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு பூச்சி. பூச்சி என்றால் மருமகளுக்குக் கோபம் வரும். துடுப்புக்காலி என்று சொல்ல வேண்டும். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், அரிசியில் பாதிதான் இருக்கும். துருவக் கடலில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில் திரிவது. அதை நுண்ணோக்கிக்கு அடியில் கிடத்தி, ஊசியால் கால் காலாகக் கழற்றிப் படம் வரைவதுதான் மருமகளின் வேலை.

வடதுருவத்திலிருந்து வந்தவை நாலு, தென்துருவத்திலிருந்து மூன்று. ஏழின் வாலிலும் இடப்பக்கம் மட்டும் ஒரு நீள முடி! எந்தப் புத்தகத்திலும் இல்லாத முடி. நடுவிலுள்ள கடல் எதிலும் தலைகாட்டாமல், உலகத்தின் இரண்டு முனையில் மட்டும் வாழும் புது இனம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் வீட்டுக்கு வந்து, "அத்தை, இதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அவ்வளவுதான். மாமியார் தங்கைகளுக்குச் சொன்னாள், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள், லிப்ட் சரிபார்க்க வந்தவரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். "என் பேருக்குப் பின்னாடி லத்தீன்ல ஒரு வால் வேற ஒட்டுவாளாம், என் மருமக!" அதுவரை வெறும் 'அவ'தான். இப்போது காலையில் குளிக்கச் சுடுதண்ணீர்கூட மிச்சம் வைத்தாள்.

கட்டுரை அச்சுக்குப் போக மூன்று நாள் இருந்தபோது, பக்கத்து மேசைக்காரன் வீட்டு மீன்தொட்டித் தண்ணீரைக் குப்பியில் கொண்டுவந்தான். மூக்குக்கண்ணாடி தடிமனாக இருப்பதால் அவனுக்கு ஆய்வகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"அக்கா, எங்க தொட்டியிலயும் உங்க ஆளுங்க இருக்காங்க. சும்மா பாருங்களேன்."

சும்மாதான் பார்த்தாள். தொட்டித் துடுப்புக்காலியின் வாலில், இடப்பக்கம், ஒரு நீள முடி.

"அடக் கடவுளே! உங்க தொட்டி என்ன மூவாயிரம் மீட்டர் ஆழமா?"

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தான். "இந்த முடி முளைச்ச இடத்தையே காணோமே அக்கா. சும்மா சிக்கிக்கிட்டு இருக்கு." ஊசியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பிறகு அவளுடைய இடது சட்டைக்கையைப் பார்த்தான். அவள் இடக்கைக்காரி. ஆய்வகக் குளிருக்காக, கல்யாணமான வருஷம் மாமியார் பின்னிக்கொடுத்த வெள்ளை முயல்ரோம ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். முறைத்துப் பார்த்தாலே உதிரும் ரகம் அது.

"எங்கெங்க வாழுதுன்னு எழுதினதைத் திருத்துங்கக்கா. வடதுருவம், தென்துருவம், எங்க வீட்டுத் தொட்டி, உங்க தோள்பட்டை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழிலிருந்தும் ரோமத்தை எடுத்துப் பார்த்தாள். மிஞ்சியவை வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, எப்போதோ யார் யாரோ பேர் வைத்துவிட்டுப் போன இரண்டு பழைய இனங்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அதில் கஷ்டமில்லை, கொஞ்சம் மானம் போனதோடு சரி. வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம்.

மாமியார் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மாமியார் தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உதிருதுன்னு ஒன்பது வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீங்க எனக்குப் பின்னினது அது ஒண்ணுதானே அத்தை. எப்படிச் சொல்றது?"

மாமியார் தலையணை உறையை ஓரமாக வைத்தாள்.

"கடைக்காரன் அப்பவே சொன்னான், இந்த நூல் உதிரும்மான்னு. அவளுக்கு இது போதும்னு வாங்கிட்டு வந்தேன். வெக்கமா இருக்குடி."

மருமகளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் மாமியார் தையல்பெட்டியிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கையைத் தூக்கு. நல்ல நூலா வாங்கிப் பின்னுறேன்" என்றவள், தோளில் டேப்பை வைத்ததும் திகைத்துப்போனாள். "என்னடி இது, தோள் இவ்வளவு அகலமா? அந்த ஸ்வெட்டர்ல எப்படித்தான் மூச்சு விட்டே?"

"விடல அத்தை" என்றாள் மருமகள்.