சாலமன் எண்ணிய பத்து

நீலமலர் மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணி தோற்பதைப் பார்க்க வேண்டும் என்று சாலமன் ஒரு வருஷமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். சாதாரண ஆசை இல்லை. சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டும்போதும், மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதும்கூட அந்தத் தோல்வியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வார். பிரசங்கம் மன்னிப்பின் பக்கம் திரும்பினால் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னால் அந்த அணிக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கீழ்க்கட்டளையில் கிடையாது. மகள் சினேகா அதில் ஆடினாள். மாலை பிக்கப்புக்கு முன்னால் நேரம் கிடைத்தால் கல்லூரி மைதானத்துக்கு வந்து கேலரியில் உட்கார்ந்துவிடுவார். கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த அணி இருபத்து நான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த விநாடிகளைக் காட்டும் பெட்டி நீலமலர் மைதானத்தில் ஒரு மழைக்காலத்தோடு செத்துப்போனது. பழுது பார்க்கிறோம், பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாலமன் தன் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கடைசிப் பத்து விநாடியை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். டென், நைன், எய்ட் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் அது நீலமலர் ரசிகர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வெளி மைதானங்களுக்குப் போனாலும் சாலமன் முதல் குரல் கொடுப்பார், கேலரி பின்னால் வரும். அந்தப் பெண்கள் பெட்டியை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கண் பந்தில் இருக்கும், காது சாலமனிடம் இருக்கும்.

பிறகு சினேகாவின் முழங்கால் பிசகியது. ஆறி எழுந்து அவள் பயிற்சிக்குப் போனபோது அவளுடைய எண் போட்ட பனியனை வேறொரு பெண் போட்டிருந்தாள். பயிற்சியாளர் லாசரஸ் சாரைக் கேட்கப் போன சாலமனை அவர் உள்ளேகூடக் கூப்பிடவில்லை. வாசலில், மற்ற பெற்றோர்கள் நிற்கும்போதே சொன்னார்: "பொண்ணு ஆடறதப் பாக்கணும்னா உங்க மொட்டை மாடியில ஒரு ரிங் மாட்டிக்கோங்க, பிரதர். கைதட்டத்தான் நீங்க இருக்கீங்களே." எல்லோரும் சிரித்தார்கள். கேலரியில் தினமும் பக்கத்தில் உட்காரும் பெயிண்ட் கடை சிட்டிபாபுவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாலமனின் காதுக்குள் போய், வெளியே வரும் வழி தெரியாமல் அங்கேயே குடியிருந்தது.

சினேகா அழவில்லை. சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு கேளம்பாக்கம் பக்கத்தில் வளர்பிறை என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே கூடைப்பந்து அணி என்பதே பேருக்குத்தான். ஆள் சேர்த்து, ஆட வைத்து, தாம்பரத்தில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதிவரை அந்த அணியை அவள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எதிரே நீலமலர்.

அன்று மதியம் சாலமன் வண்டியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பைக்கில் நேராகத் தாம்பரம் மைதானத்துக்குப் போனார். லாசரஸ் தோற்க வேண்டும். அந்தத் தோல்வியில் தன் கையும் இருக்க வேண்டும். அது லாசரஸுக்குத் தெரியவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வயிறு நிறையாது என்று அவருக்குத் தோன்றியது.

போட்டி நடத்தியவர்கள் வாடகைக்குக் கொண்டுவந்த விநாடிப் பெட்டி காலை ஆட்டத்திலேயே கண்ணை மூடிவிட்டிருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் ஸ்டாப்வாட்சில்தான் நேரம் முழுவதும் அடங்கியிருந்தது. சாலமன் வளர்பிறை பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்தார். நடுவில் ஒரு நடைபாதை, அதற்கு அந்தப் பக்கம் நீலமலர் கூட்டம்.

"இன்னா சாலமா, அங்க போயி குந்திகினு கீறே. காத்து நல்லா வருதா?" என்று சிட்டிபாபு கேட்டார்.

"உங்க பக்கம் தலக்கனம் ஜாஸ்தி. பலகை தாங்காது."

"ஆட்டம் முடியட்டும். நானே உன்ன வூட்டாண்ட இறக்கி வுடறேன், அழுதுகினே வண்டி ஓட்டாத."

ஆட்டம் தொடங்கியது. முதலில் வளர்பிறை திணறியது. நீலமலர் பெண்கள் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஆடினார்கள். அவர்கள் தலைவி வேதா, சினேகாவோடு பள்ளியிலிருந்து ஆடியவள். சாலமன் வீட்டில் அவள் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பந்து அவள் கையில் நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி கேட்கும். சாலமன் அவளைப் பார்க்காமல் லாசரஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் விநாடிகள் குறையும்போது பழக்கம் விடவில்லை. நீலமலர் பந்து வைத்திருக்கும்போதும் அவர் வாய் தானாக டென், நைன் என்றது, சரியாக. சிட்டிபாபு தொடையில் தட்டிச் சிரித்தார். ஆள்தான் அங்கே, வாய் இன்னும் நம்மகிட்டதான் கீது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு சினேகா வேறு மாதிரி ஆனாள். முழங்காலில் உறை மாட்டியிருந்தாள், ஆனால் கால் என்று ஒன்று இருப்பதையே மறந்தவள் போல ஓடினாள். தன் பழைய எண்ணைப் போட்டிருந்த பெண்ணை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, அவளிடமிருந்து பந்தைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தாள். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் லாசரஸ் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை. கைதட்டலுக்காக இல்லை. கணக்கு வைத்துக்கொள்கிறாயா என்று கேட்கிற பார்வை.  மகளும் தன்னைப் போலத்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கடைசியில் நீலமலர் ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது. பந்து வேதாவின் கையில். ஆட்டம் முடிய இருபத்தைந்து விநாடிபோல இருந்தது. இனி வேதா செய்ய வேண்டியது மிகச் சுலபம்: விநாடிகள் தீரும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே நின்று, கடைசி நொடியில் எறிய வேண்டும். விழாவிட்டாலும் பரவாயில்லை. வளர்பிறைக்குத் திரும்பி ஓட நேரம் இருக்காது. சினேகா அவளுக்கு எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

சாலமன் லாசரஸைப் பார்த்தார். லாசரஸ் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மாற்று ஆட்டக்காரி ஒருத்தியிடம் போனைக் கொடுத்து, குழுப் படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

சாலமன் தன் போனைப் பார்த்தார். அதில் இன்னும் பதினைந்து விநாடி இருந்தது.

"டென்," என்றார்.

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நைன் என்றபோது நீலமலர் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. சிட்டிபாபு எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே ஆட்டி எண்ணினார். எய்ட், செவன், சிக்ஸ். சொந்தக் கல்லூரிக்காரர்கள் தொண்டை கிழிய எண்ணியதில் மேசைக்காரர் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. லாசரஸ் திரும்பிப் பார்த்து எழுந்து, வேண்டாம் என்று கையசைத்தார். வேதாவின் கண் சினேகாவின் கையில் இருந்தது. காது எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. டூ என்றபோது அவள் எம்பினாள்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. சினேகா அதைப் பிடித்தாள். அவளுக்கு நேரம் இருந்தது. சாலமன் திருடிக் கொடுத்த நேரம். அவள் மைதானம் முழுவதையும் ஒரே மூச்சில் கடந்து, தனியாகக் கூடைக்குக் கீழே போய், பந்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். கொஞ்சம் பொறுத்து விசில் ஊதினார்கள்.

 பிறகு வளர்பிறைப் பெண்கள் காலித் தண்ணீர் கேன்களைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். சாலமன் பலகைமேல் ஏறி நின்று நடைபாதையைத் தாண்டிக் கேட்டார்: "இன்னா சிட்டி, யாரு யார வூட்டாண்ட வுடறது?"

சிட்டிபாபுவுக்கு அவரிடம் பேச நேரமில்லை. நீலமலர் கூட்டம் கேலரியிலிருந்து இறங்கி லாசரஸைச் சூழ்ந்துகொண்டது. லாசரஸ் வேதாவைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தார். யார் எறியச் சொன்னது, அஞ்சு செகண்டுக்கு மேலே இருந்ததே, கண் எங்கே போனது என்று.

"சார், அந்தப் பொண்ணு மேல ஏறாதீங்க," என்று சிட்டிபாபு நடுவில் புகுந்தார். "ஜீரோவுக்குத்தான் எறிஞ்சிது. நாங்க இத்தினி பேரு எண்ணிகினு இருந்தோம்."

"வாட்ச்ல டைம் இருந்துச்சுங்க," என்றார் லாசரஸ்.

"அப்போ எங்க வாயெல்லாம் பொய் சொல்லுதா? நீ போட்டோ எடுத்துகினு இருந்தே. அதச் சொல்லு."

'சார்' போய் 'நீ' என்று ஆனதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. நல்ல ஆட்டக்காரியை விரட்டிவிட்டு யாரையோ கொண்டுவந்து ஆட வைத்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். சினேகாவைத் துரத்தினது யார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. போன வருஷம் வாசலில் நின்று சிரித்த அதே ஆட்கள். சாலமன் கேலரியில் நின்றபடி ஒவ்வொரு வார்த்தையையும் வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டார். லாசரஸின் முகம் வெந்து போயிருந்தது. இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்க நின்றபோது அவர் சினேகாவிடம் கையை நீட்டினார். சினேகா குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

இனி ஒன்றுதான் பாக்கி. லாசரஸுக்குத் தெரிய வேண்டும். சாலமன் படியிறங்கினார். சொல்லப்போகும் வாக்கியம்கூட நாக்கில் தயாராக இருந்தது. மைதானத்தில் கால் வைத்தபோது சினேகா ஓடிவந்து அவர்மேல் விழுந்தாள்.

"பாத்தியாப்பா? வேதாவ நிறுத்தினேன் பாத்தியா? கை ரெண்டையும் மூஞ்சிக்கு நேரா வெச்சேன், பயந்துட்டா. இல்லன்னா அவ அந்த ஷாட்ட விடவே மாட்டா. அந்தாளு முன்னாடியே பண்ணினேன்பா."

இந்த ஒரு வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. சாலமன் பார்த்தேன் என்றார். லாசரஸ் பத்தடி தள்ளி நின்று மேசைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். இப்போது வாயைத் திறந்தால் லாசரஸுக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். அவளுடைய பழி அவள் கையை விட்டுத் தன் கைக்கு வந்துவிடும். சாலமன் அந்த வாக்கியத்தைத் தொண்டைக்குள் திருப்பி அனுப்பினார். சூடான டீயை அவசரத்தில் விழுங்கின மாதிரி நெஞ்சுவரை எரிந்துகொண்டு இறங்கியது.

தோழிகள் சினேகாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பைக்கை எடுக்கப் போனபோது வேதா பின்னால் வந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். எப்போதும் போல அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்வதாகத் தெரிகிற மாதிரி, காதோரமாகப் பேசினாள்.

"மேசைகிட்ட போய் வாட்சைப் பாத்தேன் அங்கிள். நீங்க அஞ்சு முன்னாடி ஆரம்பிச்சிருக்கீங்க."

சாலமன் பைக் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"சார் சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க எண்ணினா தப்பாதுன்னு எறிஞ்சேன்."

"வேதா, சினேகாகிட்ட..."

"சொல்ல மாட்டேன்," என்றாள். "இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் அவளை நேருக்கு நேரா தோக்கடிப்பேன். அன்னைக்கு அவளுக்குச் சொல்றேன். நீங்க பக்கத்துல இருக்கணும் அங்கிள்."

சிரித்தபடியே கையை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பு சாலமனுக்கு மிகவும் பழக்கமாக இருந்தது. காலையில் கண்ணாடியில் முகம் சவரம் செய்யும்போது அதைத்தான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சினேகா பின்சீட்டில் உட்கார்ந்து அந்த ஒரு ஆட்டத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மேடவாக்கம் தாண்டும்போது அவள் விரித்த கை அகலமாகியிருந்தது. கீழ்க்கட்டளை ஏரிப்பக்கம் திரும்பும்போது வேதாவின் கண்ணில் பயமே வந்துவிட்டிருந்தது. சாலமன் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. லாசரஸின் நீட்டிய கையை நினைத்தால் இப்போதும் இனித்தது.

"வேதா உன்கிட்ட என்னப்பா சொன்னா? கட்டிப் பிடிச்சுட்டிருந்தாளே."

சாலமன் கியரை மாற்றினார். "அடுத்த வருஷம் உன்னைப் பாத்துக்கறேன்னு சொன்னா."

"பாக்கட்டும்," என்றாள் சினேகா.