தனியா போடாதே

தம்பியின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைச் சிமென்ட்டை அக்கா பல்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். டைல்ஸ் ஒட்டுகிற கை. எத்தனை தேய்த்தாலும் போகாது. நேற்றுக் காலை குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவன் உடலை வெளியே எடுத்தார்கள். சொந்தக்காரர்களிடம் மாரடைப்பு என்று சொல்லியாகிவிட்டது.

ஆனால் இன்று வந்தவர்களில் பாதிப்பேர் சொந்தமில்லை. ஒல்லி ஒல்லியாக, முழுக்கைச் சட்டையோடு, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும், "அண்ணன்தான் எனக்கு உயிர் குடுத்தாரு" என்று அழுதான். தம்பி எப்படி உயிர் கொடுத்தான்? அக்காவுக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது.

அடுத்து வந்த பெண் தன்னை நர்ஸ் என்றாள். போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளும் வண்டியில் வேலையாம்.

"ஊசிய நீங்களே குடுப்பீங்களா?" அக்கா கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். கோபம் வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் போட்டா நோய் வரும்மா. நிறுத்துற வரைக்கும் உயிரோட இருக்கணுமில்ல?" நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உங்க தம்பி மூணு பேரைப் பிழைக்க வெச்சிருக்காரு. அளவு கூடி மூச்சு அடங்கிட்டா மூக்குல அடிக்க ஒரு மருந்து இருக்கு, எப்பவும் அவர் பையில இருக்கும். 'தனியா போடாதே, பக்கத்துல ஆள் வெச்சுக்கோ'ன்னு புதுசா வர்றவங்களுக்கு அவர்தான் சொல்லுவாரு."

"அப்ப அவன் ஏன் கதவைத் தாழ் போட்டுக்கிட்டான்?"

'அந்த ஊசிச் சனியன் இந்த வீட்டுல என் கண்ணுல படக்கூடாது' என்று போன மாதம் அவனிடம் கத்தியது அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

"நிறுத்தணும்னு நினைச்சானா?"

"சிகிச்சை மையத்துக்கு நாலு தடவை போனாரு. மூணு நாள் தொடாம வந்தாத்தான் சேர்ப்போம்னாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போனாரு. வீட்டு ஆள் கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்கிட்ட கேக்கவே இல்லையே."

"'அக்கா ரெண்டு தடவை நம்பிடுச்சு, மூணாவது தடவை கேக்க முகமில்ல'ன்னாரு."

வாசலில் புதிதாக இரண்டு ஒல்லிப் பையன்கள் வந்து நின்றார்கள். அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்து உங்ககிட்ட இருக்கா?"

நர்ஸ் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லை.

"கழுத்துக்கு அடியில கை குடுத்து, தலையைப் பின்னால சாய்க்கணும்."

"இப்படியா?" அக்கா அவள் பிடரிக்கு உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

மெல்லச் சாய்த்தாள். நர்ஸின் கழுத்து வேர்த்துச் சூடாக இருந்தது. அக்கா கையை எடுக்கவில்லை.