லோகப்பிரியாவின் மேலுதடு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அன்னூரில் ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் என் ஓரகத்தி லோகப்பிரியாவைச் சுற்றி அத்தனை பெண்கள். போன மாதம்வரை என்னுடையதைப் போலவே கோடாக இருந்த அவள் உதடு திடீரென்று பூரித்திருந்தது. "எங்க சின்ன மருமக மொகத்துல லட்சுமியல்ல குடியிருக்கறா" என்றார் மாமியார். மூத்த மருமகள் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

(முதலில் 'நிலவு போன்ற முகம்' என்று தொடங்கினேன். அவளுக்கு அவ்வளவு தர மனம் வரவில்லை. அடித்துவிட்டேன்.)

2

எல்லாம் ஊசி.* கிணத்துக்கடவுப் பெண் ஒருத்தி இன்ஸ்டாகிராமில் விற்றதை வாங்கி, வீடியோ பார்த்து, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தனக்குத்தானே குத்தியிருக்கிறாள். கல்யாணம் முடிந்து இரண்டாம் முறை குத்திக்கொண்ட ஞாயிறு காலையில்தான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். மேலுதட்டில் பாதி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அக்கா, வலி உசுரு போகுதுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு மகிழ்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அழிக்கவும் போவதில்லை.)

* உதட்டைப் பருமனாக்கும் கூழ். மருத்துவர்களே பயிற்சி பெற்றுத்தான் போடுகிறார்கள்.

3

ஸ்கூட்டரில் உட்காரவைத்துத் தோல் மருத்துவர் பிரத்யுஷாவிடம் கொண்டுபோனேன். கூழ் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் சதை அழுகியிருக்கும் என்றார். அதைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார். வெளுப்பு மெல்லச் சிவக்கும்வரை லோகப்பிரியா என் கையை விடவில்லை.

நாங்கள் கையோடு எடுத்துப்போயிருந்த ஊசிப் பெட்டியை மருத்துவர் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் பெயரில்லை, உரிம எண்ணும் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் அந்தப் பெண் இன்னும் எத்தனையோ பேருக்கு விற்பாள்.

"எம்பேரு வெளிய வருமுங்களா?" என்று கேட்டாள் லோகப்பிரியா.

வீட்டுக்கு விசாரிக்க வரக்கூடும் என்றார் மருத்துவர்.

4

சிறு தழும்போடு தப்பித்தாள். காய்ச்சல் கொப்புளம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறோம். நேற்று என் அறைக்கு வந்தாள்.

"நீங்க எழுதறவங்க. புகாரு எழுதறதும் விடறதும் உங்க இஷ்டமுங்க அக்கா."

முடிவு ஒன்று: எழுதுகிறேன். கிணத்துக்கடவுப் பார்சல்கள் நிற்கின்றன. யாரோ ஒருத்தியின் உதடு தப்பிக்கிறது.

முடிவு இரண்டு: எழுதவில்லை. கல்யாணத்தில் கண்ட அழகு தானாக வந்ததென்றே உறவெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது.

முதல் முடிவுக்குத்தான் கை துடிக்கிறது. முகம் தெரியாத அந்த யாரோ ஒருத்திக்காகவா, விசாரிக்க ஆள் வரும்போது மாமியாரும் கூடத்தில் இருப்பார் என்பதற்காகவா?

என்னை நல்லவள் என்று லோகப்பிரியா நம்புகிறாள். உங்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், எழுதட்டுமா?