பதினோராவது வருஷம்

ஊர் மொத்தத்தையும் கணினிக்குள் குடியேற்றியபோது ஆவுடையம்மாளுக்குக் கிடைத்தது பழைய வீடேதான். கூரையில் ஒழுகும் இடம்கூட மாறவில்லை. புருஷன் பூதத்தானும் கூடவே வந்தார். அவருடைய சர்க்கரையும் வந்தது.

சர்க்கரை வியாதிக்கு எந்தத் திட்டம் பலிக்கும் என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். காலையில் ஒரு திட்டம் வரும். மதியச் சாப்பாட்டுக்குள் பத்து வருஷம் ஓடிவிடும். அப்புறம் எல்லோரும் பழைய வயசுக்குத் திரும்பி, காய்ந்த துணியை எடுத்து மடிப்பார்கள்.

நடந்தால் நல்லது என்று ஒருநாள் தெருவை நீட்டினார்கள். பால் வாங்கப் போனவர்கள் நரைத்துத் திரும்பினார்கள். இன்னொரு நாள் சுவர்களைப் பேச வைத்தார்கள். "இனிப்பைக் குறையுங்கள்" என்றது சுவர். "சரிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பூதத்தான் டீயில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.

எந்தத் திட்டமானாலும் பத்தாவது வருஷம் அவருடைய வலது கால் போய்விடும். ஆவுடையம்மாள் அழுவாள். பிறகு கால் திரும்பி வந்துவிடும். அழுத அழுகை மட்டும் திரும்பிப் போகாது.

ஒருநாள் கணினியை ஓட்டும் டாக்டர் ரெஹானா வானத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, ஐயா ஏன் ஒழுங்கா மாத்திரை போடறதில்ல?"

"தீந்துபோனா எங்க போயி வாங்க, டாக்டரம்மா? ஒங்க ஆஸ்பத்திரிய மத்தியானமே சாத்திருதாங்கல்லா. இவுக மூட்டை தூக்கிட்டு வாறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

"ஒருநாள் லீவு போடலாமே?"

"கூலிக்காரனுக்கு ஏது லீவு? தெருவ இழுக்கத விட்டுட்டு, ஆஸ்பத்திரிய சாயங்காலம் தொறந்து பாருங்களேன்."

டாக்டர் யோசித்தார். "அது என் கணக்குலயே இல்லையே."

"சேத்துக்கிடுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரி சாயங்காலமும் திறந்தது. பூதத்தான் சாக்குத் தூசியோடு வரிசையில் நின்றார். நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, விரலிடுக்கில் இருந்த புண்ணுக்கு மருந்து போட்டு, தீர்ந்துபோன மாத்திரையையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பூதத்தான் சீனியைக் குறைத்துக்கொண்டார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

வருஷங்கள் அடுப்பங்கரை வழியாக ஓடின. வேப்பங்கன்று மரமானது. இருவருக்கும் தலை வெளுத்தது.

பத்தாவது வருஷம் வந்ததும் ஆவுடையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏளா, சோறு வைக்கப் போறியா இல்லியா?"

கண்ணைத் திறந்தாள். பூதத்தான் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார்.

வானம் திறந்தது. டாக்டர் அழுதிருக்க வேண்டும். முற்றத்தில் தூறல் விழுந்தது.

"அம்மா, இத மேலிடத்துல காட்டப் போறேன். வெளிய இருக்கிற உங்க நிஜ ஊருலயும் ஆஸ்பத்திரிய சாயங்காலம் திறக்க வைப்பேன். சரி, இப்ப உங்களப் பழைய வயசுக்கு அனுப்பணும்."

"வேண்டாம்மா. நரைச்சது நரைச்சதாவே இருக்கட்டும். அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு நாங்க பாத்ததே இல்ல."

டாக்டர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது பதினோராவது வருஷம் தெருமுனையில் வந்துகொண்டிருந்தது. இருவரும் வாசலுக்குப் போய், "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள்.