துடியலூரில் ஏறிய தூத்துக்குடிக் கடல்

துடியலூரில் தம்பிதுரையின் வீட்டுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. கடல் மட்டத்துக்கு ஆயிரத்து முந்நூறு அடி மேலே இருக்கிற ஊர் இது. பக்கத்து வீட்டு ராமாமணியின் வாசல் கோலம்கூட நனைவதில்லை. இவர் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே மட்டும் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் வரும், நின்று வடியும், போகும்போது பீரோவுக்கு அடியில் இரண்டு மூன்று மீன்களை விட்டுவிட்டுப் போகும். குழாய் பார்க்க வந்த ரிப்பேர்க்காரர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று காபி குடித்துக் கிளம்பிவிட்டார்.

இது எந்த ஊர்க் கடல் என்று தெருவில் கொஞ்ச நாள் வாக்குவாதம் நடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறதே, கொச்சிக் கடல் வர என்ன தடை என்றார்கள் சிலர். சென்னை என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களுக்கு எதைக் கேட்டாலும் சென்னைதான். கடைசியில் காந்திபுரத்தில் ஏற்றுமதிக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் அய்மன், கொச்சி, சென்னை, தூத்துக்குடி என்று மூன்று துறைமுகங்களிலும் கடல் ஏறும் நேரத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்து, சோபாவில் காலைத் தூக்கி வைத்தபடி இரண்டு பகல் உட்கார்ந்து பார்த்தார். "தூத்துக்குடிங்க. ஒரு நிமிஷம்கூடப் பிசகலைங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தம்பிதுரையின் முகம் செத்துப்போனதை அவர் மனைவி செல்லாத்தாள் மட்டும் பார்த்தார்.

தம்பிதுரை ஈரோட்டில் மஞ்சள் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கடலை அவர் நேரில் கண்டதே இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் "நமக்கு மூணு துறைமுகமுங்க" என்று, மூன்று தோட்டம் இருக்கிற மாதிரி சொல்லுவார். 2017இல் ஒரு லோடு. வேகவைத்த மஞ்சள் களத்தில் காய்ந்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கப்பலைப் பிடிக்கிற அவசரத்தில் ஈரத்தோடு கண்டெய்னரில் ஏற்றச் சொன்னார். "ஏனுங்க, ஈரம் கையில ஒட்டுதுங்க, ரெண்டு நாள் பொறுங்க" என்று டிரைவர் சத்தியசீலன் சொன்னார். தம்பிதுரை கேட்கவில்லை. சத்தியசீலன் தூத்துக்குடித் துறைமுக வாசலில் மூன்று நாள் வரிசையில் கிடந்து, சீல் உடையாமல் சரக்கை ஒப்படைத்தார். அக்கரையில் திறந்தபோது உள்ளே முழுக்கப் பூஞ்சணம்.

வியாபாரிகள் சங்கத்தில் விசாரித்தார்கள். தம்பிதுரை டிரைவர் மேல் கை நீட்டிக் குற்றம் சொல்லவில்லை, அதைவிட மோசமானதைச் செய்தார். டிரைவரைப் பக்கத்தில் நிற்க வைத்துத் தோளில் கை போட்டு, "அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தெரியாம லோடை மழையில நனைய உட்டுபோட்டாரு, நான் மன்னிச்சுபோட்டேனுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக மன்னிக்கிற மனுஷனை மறுத்துப் பேச இந்தப் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? சத்தியசீலன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் எந்த லாரிக்காரரும் அவரிடம் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து அதே சங்கம் நேர்மைக்காகத் தம்பிதுரைக்குப் பொன்னாடை போர்த்தியது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கால் வைத்த அன்றுதான் கடல் முதல் தடவை வந்தது.

அய்மன் ஊர் பெயரைச் சொன்ன பிறகு தம்பிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யக்கூட வெட்கமாக இருந்தது. ஒரு நாள் சரவணம்பட்டிக்குப் போய், சத்தியசீலன் இப்போது மகனோடு இருக்கும் நாலாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டி, நின்றபடியே, தூத்துக்குடிக் கடல் வீட்டுக்குள் வருவது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். சத்தியசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டெய்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே" என்றார் சத்தியசீலன். "தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

தம்பிதுரை நேராகச் சங்கத்துக்குப் போனார். தப்பு தன்னுடையது, டிரைவர் மேல் பழியைப் போட்டது தான்தான் என்று மைக்கில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். கூட்டம் உருகிப்போனது. ஒரு டிரைவரின் பேரைக் காப்பாற்றத் தன் பேரைக் கெடுத்துக்கொள்கிறாரே, என்ன மனசு என்று பேசிக்கொண்டார்கள். "அட உடுங்க, உங்களத் தெரியாதுங்களா" என்று இன்னொரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பினார்கள். அன்றைக்குத் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது.

செல்லாத்தாள் கட்டில்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவரு தெரியாதவங்கன்னு சொன்னது சங்கத்தையாங்க? அவரு ஊட்லயே ஒருத்தன் இருக்கறான்" என்றார்.

இருந்தான். மகன் ஜேக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், புதுக் கார் வைத்திருக்கிறான். முப்பது வருஷம் லாரி ஓட்டிய அப்பாவிடம் சாவியைக் கொடுத்ததில்லை. கேட்டால், "மழையில லோடை நனைய உட்டவருதானே" என்று சிரிப்பான். அப்பாவும் கூடச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது தம்பிதுரை வாசலில் நின்றிருந்தார்.

ஜேக் முழுவதையும் கேட்டான். அவனுக்குத் தம்பிதுரை பெரிய மனுஷர் இல்லை, யாரோ ஒருத்தர், அதனால் நம்பிவிட்டான். கோபப்படவில்லை. மெல்ல அப்பா பக்கம் திரும்பி, "ஏம்ப்பா நீங்க சொல்லவே இல்ல?" என்றான்.

"நீ கேக்கவே இல்லயே கண்ணு" என்றார் சத்தியசீலன்.

தம்பிதுரையின் வீட்டில் மறுநாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. மீதி எங்கே போனது என்று அய்மன் தேட வேண்டியிருக்கவில்லை. சரவணம்பட்டியில் ஜேக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது தரையெல்லாம் உப்புத் தண்ணீர். கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. டெய்சி துடைப்பத்தை எடுத்தார். சத்தியசீலன் அதை வாங்கி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மகனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். "குடி கண்ணு. தூத்துக்குடித் தண்ணி எனக்குப் பழக்கந்தான், பதினோரு மணிக்கெல்லாம் வடிஞ்சுரும்" என்றார்.