சி.டி.எல். தெரிந்தவர்கள்

சி.டி.எல். என்றால் காமன் டிசைன் லாங்குவேஜ். மூன்று எழுத்து, மூன்றும் பொய். காமன் என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். டிசைன் எதையும் அது செய்யாது. லிஃப்ட் எப்போது நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று கட்டமும் அம்புமாகக் காட்டும், அவ்வளவுதான். லாங்குவேஜ் என்பதை நம்பி, தன் மகள் ஏதோ மொழி டீச்சர் என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

பெயர் வைத்தது நானும் என்னோடு வேலை பார்த்த நெட்டையனும்தான். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அதை உருவாக்கினோம். பெரிய பெயராக இருந்தால்தான் மேலிடம் மதிக்கும் என்றான். மதித்தார்கள். கம்பெனியின் எல்லா லிஃப்டுக்கும் இனி இதுதான் என்று சுற்றறிக்கை வந்தது. பெயரே காமன் என்று இருக்கும்போது, எனக்குத் தெரியாது என்று எவன் வாயைத் திறப்பான்? நெட்டையன் வேறு வேலைக்குப் போய் நான்கு வருடமாகிறது. இருந்தவரை என் ஒவ்வோர் அம்புக்கும் மல்லுக்கு நிற்பான். இப்போது மூன்று பேர் என் படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

போன திங்கட்கிழமை எனக்குப் புத்தி பிசகிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் படத்தில் ஓர் அம்பை வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். அதன்படி, லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கும். பார்க்கிறவர் பதறியடித்து என் மேஜைக்கு வருவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், யாராவது வந்து திட்ட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

மூன்று நாள் இடத்தைவிட்டு நகராமல் காத்திருந்தேன். வியாழக்கிழமை மதியம் படம் மூன்று கையெழுத்தோடு திரும்பி வந்தது. தலைமைப் பொறியாளர் 'மிக நேர்த்தி' என்று வேறு எழுதியிருந்தார். மறுநாள் காலை அது புரோகிராம் எழுதுகிறவர்களிடம் போய்விடும். படத்தில் இருப்பதை அவர்கள் அப்படியே எழுதுவார்கள்.

வேலை போனாலும் போகட்டும் என்று தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனேன். அம்பைக் காட்டி, தெரிந்தேதான் தப்பாகப் போட்டேன், இப்படியே போனால் ஆட்கள் விழுந்து செத்துப்போவார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் அம்பைப் பார்க்கவில்லை. தாளின் மூலையில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல சார். அரை மணி நேரம் உக்காருங்க. எப்படிப் படிக்கணும்னு சொல்லித் தந்துடறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா? நீங்க சரிபண்ணிக் கொண்டாங்க. சாயந்திரத்துக்குள்ள மூணு பேரும் கையெழுத்துப் போட்டுத் தந்துடறோம்."

சொன்னபடியே ஐந்து மணிக்குள் தந்துவிட்டார்கள்.

நெட்டையன் போன பிறகு நான் வரைந்த படங்கள் முப்பத்தொன்று. அந்த லிஃப்டுகளில் தினமும் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். தெரியாமல் நான் எங்கே தப்புச் செய்திருக்கிறேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முதல் படத்தை எடுத்து விரித்து, முதல் அம்பிலிருந்து நானே பார்க்கத் தொடங்கினேன்.